வீடு மாறினேன், பயணம் நீண்டது: சோனி எக்ஸ்எம்4 ஹெட்போன் எப்படி இருக்கிறது

வீடு மாறியதில் ஆபீஸ் போய்வரும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது என்று யாராவது என்னிடம் சொன்னால், நான் முதலில் வாங்கச் சொல்வது இரைச்சலை அடக்கும் ஒரு நல்ல ஹெட்போன். திரைச்சீலை, அலமாரி, புது மேஜை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் பயன்படுத்துவது சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4. 2020-இல் வந்த மாடல், அதற்குப் பிறகு 2022-இல் எக்ஸ்எம்5, 2025-இல் எக்ஸ்எம்6 என்று இரண்டு வந்துவிட்டன. பழைய மாடலுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். நான் படித்த விமர்சனங்கள் பெரும்பாலும் பேஸ் எப்படி, ட்ரெபிள் எப்படி என்று பாட்டை வைத்து எடைபோட்டவை, இல்லையென்றால் எப்போதாவது விமானத்தில் போகிறவர்கள் எழுதியவை. தினமும் காலையிலும் மாலையிலும் ஒரே வழியில் பஸ்ஸிலும் ரயிலிலும் நசுங்கிப் போய்வருகிறவருக்கு இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை. அதனால்தான் இது.

புது வீட்டுக்குப் போனதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்ச நாள்ல பழகிடும்." வீட்டைப் பொறுத்தவரை அது உண்மை. எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்பதும், இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது கதவு நிலை எந்த இடத்தில் தோளில் இடிக்கும் என்பதும் தானாகவே உடம்புக்குப் பிடிபட்டுவிடும். பயணம் அப்படிப் பிடிபடுவதில்லை. வீடு நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. பயணத்தில் ஒரு நாள் உட்கார இடம் கிடைக்கும், மறுநாள் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், ஒரு நாள் வண்டி நேரத்துக்கு வரும், இன்னொரு நாள் நடுவழியில் காரணம் சொல்லாமல் நின்றுகொண்டே இருக்கும். ஒரே மாதிரி இருக்கும் கஷ்டத்துக்கு மனது பழகிவிடும், தினம் ஒரு மாதிரி வரும் கஷ்டத்துக்கு எப்படிப் பழகும்?

இது என் புலம்பல் மட்டுமில்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாள் என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றையும் செய்யும்போது மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம் கடைசி இடத்துக்குப் போனது, வேலையைவிடவும் கீழே. ப்ரூனோ ஃப்ரே, அலோயிஸ் ஸ்டட்ஸர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை வைத்துப் பார்த்ததும் இதே பக்கம்தான் சாய்கிறது. தூரம் போகிறவருக்கு அதற்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைத்திருக்கும், கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்பதுதான் ஏட்டுக் கணக்கு. ஆனால் பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைவதையே அவர்கள் கண்டார்கள். கூடுதல் அறை, வெளிச்சம், காற்று என்று பார்த்து வீடு மாறுகிறவர்கள் இதை ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும். ஏற்கெனவே மாறியாகிவிட்டது என்றால், பயணத்தில் எது நம்மை அதிகம் களைக்க வைக்கிறது என்று தேடிப் பிடித்து அதையாவது குறைக்கப் பார்க்க வேண்டும்.

என் விஷயத்தில் அது சத்தம். நின்றுகொண்டு போவதைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிகிறது. காதைக் கிழிக்கிற ஹாரனை நான் சொல்லவில்லை, அது வந்தது தெரியும், போனதும் தெரியும். நான் சொல்வது அடியில் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்ஜின் உறுமல், சக்கரம் உருளும் ஓசை, ஏசி விசிறியின் இரைச்சல். வண்டிக்குள் இருக்கும்போது அது இருப்பதே தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிப் போட்டு உட்காரும்போது காதுக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் இருப்பவர்கள் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டால்கூட எரிந்து விழத் தோன்றும். பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடக்கும், எந்த அறையில் எதை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும், எதற்கும் தெம்பு இருக்காது.

ஒரே சீராக ஓடும் இந்தத் தாழ்ந்த ஒலிகளை அடக்குவதில்தான் இந்த வகை ஹெட்போன்கள் கெட்டி. வெளியிலும் உள்ளேயும் இருக்கும் மைக்குகள் இரைச்சலைக் கேட்கும், உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் காதுக்குள் அனுப்பும், ஒன்றின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சேர்ந்து நிரவிப்போகும். யோசனை பழையதுதான். பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1978-இல் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலை மீறி ஒன்றையும் சரியாகக் கேட்க முடியாமல் போன, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காக்பிட்டுக்காகச் செய்த பொருள் இன்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நமக்கும் கிடைக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமான விஷயம்.

சரி, போட்டால் எப்படி இருக்கும்? காதில் பொருத்தியதும் காதைச் சுற்றி உட்காரும் மெத்தையே கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கும். ஆன் செய்து ஒன்றிரண்டு விநாடியில், வண்டியின் தரையிலிருந்து கால் வழியாக ஏறிவரும் அந்த உறுமலை யாரோ அப்படியே உருவி எடுத்துவிட்டது போல இருக்கும். காலில் அதிர்வு தெரியும், காதில் சத்தம் இருக்காது. முதல் தடவை இது விசித்திரமாக இருக்கும், தலையை அசைத்து அசைத்துப் பார்ப்பீர்கள். ஆனால் எல்லாமே அமைதியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எதிரில் இருப்பவர் பையின் ஜிப்பைத் திறப்பது கேட்கும், குழந்தை அழுவது கேட்கும், போனில் உரக்கப் பேசுகிறவரின் குரல் மெலிந்து, ஆனாலும் வார்த்தை புரிகிற அளவுக்குக் கேட்கும். எதிர் அலை தாழ்ந்த ஒலிகளில்தான் நன்றாக வேலை செய்யும், பேச்சின் மேல் பகுதி, அழுகை, இரும்பு உரசும் கீச்சொலி போன்றவற்றைத் தடுப்பது பெரும்பாலும் மெத்தையின் வேலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிவிட்டு ஏமாந்துவிட்டேன் என்கிறவர்கள் நிறைய. பேச்சும் கேட்கக் கூடாது என்றால் மெல்லிய சத்தத்தில் எதையாவது ஓடவிட்டால் போதும், அதற்குள் அது மூழ்கிவிடும்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கண்ணாடிக் காம்பு மெத்தைக்கும் தலைக்கும் நடுவில் சின்ன இடைவெளியை உண்டாக்கும், தாழ்ந்த ஒலி அந்த வழியாகத்தான் உள்ளே வரும். எக்ஸ்எம்4-இல் என்சி ஆப்டிமைசர் என்று ஒரு வசதி உண்டு. பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், சில ஒலிகளை எழுப்பி, ஹெட்போன் தலையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து, கண்ணாடி, முடி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். வாங்கியதும் இதைச் செய்துவிடுங்கள், ஃப்ரேம் மாற்றினால் மறுபடியும் செய்யுங்கள். காம்பு மெல்லியதாக இருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தினப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது வேறொரு சின்ன வசதி. வலது பக்கக் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினால் ஓடிக்கொண்டிருப்பதன் சத்தம் தணிந்து வெளிச்சத்தம் உள்ளே வரும். கையை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். அறிவிப்பு வரும்போது, பக்கத்தில் நிற்பவர் "கொஞ்சம் வழி விடுங்க" என்று ஏதோ சொல்வதுபோல் வாய் அசையும்போது, கை தானாகவே காதுக்குப் போகிறது. பேச ஆரம்பித்தாலே பாட்டை நிறுத்திவிடும் 'ஸ்பீக் டு சாட்' என்றும் ஒன்று இருக்கிறது. அது நம் குரலைக் கேட்டதும் வேலை செய்வது, பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கிற பழக்கம் இருந்தால் அதை அணைத்து வைத்துவிடுவதே நல்லது. அடிக்கடி போகும் இடங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு அந்தந்த இடத்துக்கு ஏற்ப இரைச்சல் அடக்கத்தை மாற்றிக்கொள்ளும் வசதி போனில் போடும் சோனியின் ஆப்பில் உண்டு, அதற்கு இருப்பிட அனுமதி கொடுக்க வேண்டும், எனக்கு அது தேவைப்படவில்லை.

காதின் ஆரோக்கியத்துக்காகவும் இதை வாங்கலாம் என்று நான் நினைக்கிறேன். சாதாரண இயர்போனில் வண்டிச் சத்தத்தை ஜெயிக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம், எவ்வளவு ஏற்றினோம் என்பது இறங்கி அமைதியான இடத்துக்கு வந்து அதே பாட்டைக் கேட்டால்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்தான். நீண்ட பயணம் செய்கிறவர் வால்யூமை உச்சத்தில் வைத்துக் கேட்டால் அந்த 4 மணி நேரம் வாரத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடும். அடியில் உறுமல் இல்லாவிட்டால் வால்யூமைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ள முடிகிறது, வாரம் முழுக்க, வருடம் முழுக்க என்று பார்த்தால் இது பெரிய விஷயம்.

என்ன கேட்கலாம் என்பதும் முக்கியம். பயண நேரத்தில் புத்தகம் படிப்பேன் என்று பலர் திட்டம் போடுவார்கள். ஆடும் வண்டியில் படித்தால் சிலருக்குக் குமட்டும். கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உள்காது உடம்பு ஆடுவதைச் சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது அது. எனக்கும் படிப்பு ஒத்துவரவில்லை, கேட்பதுதான் சரிப்பட்டது. போகும்போது யாராவது பேசுவதைக் கேட்பேன்: நேர்காணல், ஒலிநூல், ஏதாவது ஒரு மொழிப்பாடம். திரும்பி வரும்போது எதுவுமே வைப்பதில்லை. இரைச்சல் அடக்கத்தை மட்டும் ஆன் செய்துவிட்டு, பாட்டு இல்லாமல், பேச்சு இல்லாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். இந்த ஹெட்போனில் நான் அதிகம் பயன்படுத்துவது எது என்று கேட்டால் இதுதான், பாட்டுக்கூட இல்லை. நாள் முழுக்க ஆபீஸில் காது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, அதற்கும் ஓய்வு வேண்டாமா? இப்படி வந்தால் வீட்டுப் படியேறும்போது இன்னும் கொஞ்சம் பொறுமை மிச்சம் இருக்கிறது. பெட்டி ஒன்றைப் பிரிக்கலாம், பக்கத்து வீட்டாரிடம் நின்று நாலு வார்த்தை பேசலாம்.

இப்போது இதன் மறுபக்கம். புது வீட்டில் இதைப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். மேல் வீட்டில் நடக்கும் சத்தம், லிஃப்ட் நிற்கும் சத்தம், குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் எல்லாம் முதலில் தொந்தரவாக இருக்கும், ஹெட்போனுக்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றும். அதை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. புது இடத்தில் ஏன் முதல் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை, வழக்கமில்லாத சத்தங்களுக்குக் காவல் காப்பதுபோல் விழிப்பாக இருக்கிறது என்று கண்டார்கள். அடுத்தடுத்த இரவுகளில் இது தணிந்துவிடுகிறது. ஆராய்ச்சி சொல்வது முதல் இரவைப் பற்றித்தான், ஆனால் வீட்டின் சத்தங்கள் முழுக்கப் பிடிபட எனக்கு அதைவிட நிறைய நாள் ஆனது. ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றதும் வரும் அந்தச் சின்ன உதறல், காற்றடித்தால் ஜன்னல் கொக்கி தட்டுவது, வாசல் கதவு சரியாகச் சாத்தினால் வரும் ஓசைக்கும் சாத்தாவிட்டால் வரும் ஓசைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் காதுக்குத் தெரிந்த பிறகுதான் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. காதை மூடிக்கொண்டே இருந்தால் அது எப்படித் தெரியவரும்?

அதோடு மேல் வீட்டுக் காலடி போலத் திடீர் திடீரென்று விழும் சத்தத்தில் இந்தத் தொழில்நுட்பம் அவ்வளவாக எடுபடாது, விடாமல் ஒரே சீராக ஓடும் ஒலிதான் அதற்குத் தோது. தூங்கும்போது போடலாமா என்றும் கேட்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்கவே முடியாது, அதற்கு இது சரியான பொருள் இல்லை.

வீட்டுக்கு நடந்து போகும் கடைசித் தூரத்திலும் நான் போடுவதில்லை. இறங்கியதும் கழற்றிக் கழுத்தில்கூட வைக்காமல் உறைக்குள் போட்டுவிடுவேன். பாதுகாப்பு ஒரு காரணம், புதுத் தெருவில் எந்த முனையில் வண்டி திரும்பும், எந்த வாசலில் நாய் படுத்திருக்கும் என்று தெரியாத வரை காது திறந்திருக்க வேண்டும். இன்னொரு காரணம், புது அக்கம்பக்கம் பழகுவதே இந்த நடையில்தான். ஹெட்போனோடு போகிறவரை யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள். காது திறந்திருந்தால் "புதுசா வந்திருக்கீங்களா?" என்று யாராவது கேட்பார்கள், தண்ணீர் எப்போது வரும், மழை பெய்தால் எந்தத் தெருவில் தேங்கும் என்று அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் அப்படித்தான் வந்து சேரும். வெளியே நடக்கும்போது போட்டே ஆக வேண்டும் என்றால் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ஆம்பியன்ட் முறையில் வையுங்கள். பலமாகக் காற்றடித்தால் வெளி மைக்கில் காற்று மோதும் சத்தமே உள்ளே வரும், ஆப்பில் காற்றுச் சத்தத்தைக் குறைக்கும் தேர்வு இருக்கிறது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடை 254 கிராம். இரைச்சல் அடக்கத்தோடு ஒரு சார்ஜில் 30 மணி நேரம் வரை வரும், அவசரத்துக்கு 10 நிமிடம் சார்ஜ் போட்டால் 5 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். தினப் பயணிக்கு இது தாராளம். போன், லேப்டாப் இரண்டோடும் ஒரே நேரத்தில் இணையும், ஆனால் அப்போது எல்டிஏசி என்ற உயர்தர முறையில் கேட்க முடியாது, வண்டியில் அந்த வித்தியாசம் காதில் விழப்போவதில்லை. சார்ஜ் தீர்ந்தால் 3.5 மி.மீ. வயரைச் செருகிக் கேட்கலாம், வயரில் இருக்கும்போது ஹெட்போனின் மைக் வேலை செய்யாது. நீர் புகாத தரச்சான்று எதுவும் இதற்குக் கிடையாது, மழை என்றால் பைக்குள் போய்விட வேண்டும். காதை முழுக்க மூடும் எந்த ஹெட்போனிலும் வெயில் காலத்தில் காதைச் சுற்றி வியர்க்கத்தான் செய்யும், இறங்கியதும் மெத்தையைத் துணியால் துடைத்து வைத்தால் செயற்கைத் தோல் சீக்கிரம் உரியாமல் இருக்கும்.

சொந்தமாக பைக்கோ காரோ ஓட்டிப் போகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம், ஓட்டும்போது போடவும் கூடாது. இரைச்சல் அடக்கத்தை ஆன் செய்ததும் காதில் அழுத்தம் போல உணர்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு நல்ல மாடல் வாங்கினாலும் போட மாட்டார்கள். அதனால் கடையில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் கண்ணாடியோடு, பாட்டு எதுவும் ஓடாமல், இரைச்சல் அடக்கத்தை மட்டும் ஆன் செய்து, கொஞ்ச நேரம் தலையில் வைத்துப் பாருங்கள், காது மடல் எங்காவது உள்ளே இடிக்கிறதா என்று கவனியுங்கள். எக்ஸ்எம்4 மடங்கும், எக்ஸ்எம்5 மடங்காது, எக்ஸ்எம்6 மறுபடியும் மடங்கும். மதியச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், குடை, லேப்டாப் என்று ஏற்கெனவே நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் ஏறுகிறவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல, பையையும் கையோடு கடைக்கு எடுத்துப் போய் உறையோடு உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.